நாயின் குணம் மாறினால் முதலில் உடலைப் பாருங்கள்: அறிகுறிவாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

நன்றாகப் பழகிக்கொண்டிருந்த நாய் திடீரென்று உறுமுகிறது, மெத்தையைக் குதறுகிறது, படியேற மறுக்கிறது, இரவெல்லாம் வீட்டுக்குள் அலைகிறது என்றால், அதைத் திமிர் என்றோ பிடிவாதம் என்றோ முடிவுகட்டிப் பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன், அதன் உடலில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே சரியான வரிசை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் மில்ஸும் அவருடைய சகாக்களும் 2020-இல் வெளியிட்ட கட்டுரை, நடத்தைக் கோளாறு என்று தங்களிடம் அனுப்பப்பட்ட விலங்குகளில் குறைத்து மதிப்பிட்டாலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் வலி தரும் உடற்கோளாறு ஏதேனும் இருந்ததாகவும், சில தொகுப்புகளில் அந்த அளவு 80 விழுக்காட்டை நெருங்கியதாகவும் சொல்கிறது. வலி என்றால் நாய் கத்தும், நொண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். மெல்ல மெல்லக் கூடும் வலிக்கு நாய் கத்துவதில்லை. நடக்கும் விதத்தையும் படுக்கும் இடத்தையும் மாற்றிக்கொள்கிறது, பொறுமையைக் குறைத்துக்கொள்கிறது.

ஆகவே அறிகுறிக்குப் போகுமுன் சில விவரங்களைத் திரட்டிக்கொள்ளுங்கள். மாற்றம் ஒரே நாளில் வந்ததா, மாதக்கணக்கில் வந்ததா என்பது முதல் கேள்வி. அந்தச் சமயத்தில் வீட்டில் என்ன மாறியது என்பது அடுத்தது: புதிய டைல்ஸ் தரை, வீடு மாற்றம், உணவு மாற்றம், காலையில் நடத்திச் செல்பவர் ஊருக்குப் போனது ஆகிய எதுவும் காரணமாகலாம். நாய் நடப்பதையும், உட்கார்ந்து எழுவதையும், படியேறுவதையும் கைப்பேசியில் படம்பிடித்து வையுங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பதற்றத்தில் பல நாய்கள் நொண்டுவதை மறந்துவிடும். பிறகு, நாய் அமைதியாக இருக்கும் வேளையில், மூக்கிலிருந்து வால் நுனிவரை இரு கைகளாலும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். எங்கே தோல் துடிக்கிறது, எங்கே தலையைத் திருப்பிப் பார்க்கிறது, எங்கே உதட்டை நக்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உறுமினால் அந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள்.

உடனே கிளம்ப வேண்டியவை

கீழ்க்காணும் நிலைகளில் இந்த வழிமுறையைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவிப்பது இரைப்பை முறுக்கிக்கொண்டதன் அடையாளம். கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு இது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி முக்கியும் சிறுநீர் வராதது, கருத்தடை செய்யப்படாத பெண் நாய் பருவம் முடிந்த சில வாரங்களில் சோர்ந்து, அதிகம் தண்ணீர் குடித்து, பிறப்புறுப்பில் சீழ் வடிவது ஆகியவையும் அவசர நிலைகளே. வெயிலில் கிடந்த நாய் மூச்சிரைத்துத் தள்ளாடினால், முதலில் நிழலுக்குக் கொண்டுவந்து உடல் முழுவதும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி மின்விசிறிக் காற்றுப் படும்படி வைத்துக் குளிர்வித்த பின்பே வண்டியில் ஏற்றுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி மூடிவிட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடாத நாய் திடீரென்று குணம் மாறி, குரல் மாறி, எச்சில் ஒழுகி, விழுங்கத் திணறினால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதோ என்று வாய்க்குள் கை விடாதீர்கள். கடியோ கீறலோ பட்டிருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டால் உறுமுகிறது, கடிக்க வருகிறது

எந்த இடத்தைத் தொடும்போது, எந்த வேளையில் என்பதே இங்கே துப்பு. தலையைத் தடவ வரும் கைக்கு மட்டும் விலகினால் காதையும் பல்லையும் பாருங்கள். கழுத்துப்பட்டை மாட்டும்போது உறுமினால் கழுத்து வலியாகவோ, காதுப் புண்ணாகவோ, பட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் உண்ணியாகவோ இருக்கலாம். குளித்தபின் பின்புறத்தைத் துவட்டும்போது திரும்பிக் கவ்வினால் இடுப்பு மூட்டு, முதுகெலும்பு, ஆசனவாய்ச் சுரப்பி என்று தேட வேண்டும். நாயின் காதுக்குழாய் செங்குத்தாக இறங்கிப் பின்பு உள்நோக்கி மடங்குவதால், வெளியிலிருந்து சுத்தமாகத் தெரிகிற காதின் ஆழத்தில் அழுக்கும் ஈரமும் தேங்கிச் சீழ் பிடித்திருக்கலாம்; தொங்கு காதுள்ள லேப்ரடார், காக்கர் ஸ்பேனியல் இனங்களில் இது சாதாரணம். முகர்ந்து பார்த்தால் புளித்த வாடை வரும். குச்சியில் பஞ்சு சுற்றி உள்ளே விடுவது அழுக்கை மேலும் உள்ளே தள்ளுமே தவிர வெளியே எடுக்காது.

பல்லைப் பொறுத்தவரை, ஒரு பக்கமாகவே மெல்லுவது, கடினமான தீனியை வாயிலிருந்து நழுவவிடுவது, கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்குவது ஆகியவை அடையாளங்கள். கடைசியாகச் சொன்ன வீக்கம் பெரும்பாலும் கண் நோயன்று. மேல்தாடையின் பெரிய அரைவைப்பல் உடைந்து வேரில் சீழ் கட்டியிருக்கிறது என்று பொருள். ஆட்டுக்கால் எலும்பை நாள்தோறும் கொடுக்கும் வீடுகளில் இதை எதிர்பார்க்கலாம்.

படுத்திருக்கும்போது குழந்தை அருகில் வந்தாலே உறுமும் நாயைப் பொறாமைக்காரன் என்று வீட்டார் சொல்வது வழக்கம். எழுந்து விலகிப்போவதே வலிக்கிறது, குழந்தை மேலே விழுந்தால் இன்னும் வலிக்கும் என்ற நிலையில் உள்ள நாய்க்கு, கிடந்த இடத்திலிருந்தே எச்சரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த உறுமலுக்காக அதை அடிக்காதீர்கள். எச்சரிக்கை கொடுத்தால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை எச்சரிக்கையைத் தவிர்த்து நேரடியாகக் கடிக்கும்.

நடக்க மறுக்கிறது, ஏறத் தயங்குகிறது

நடுவழியில் உட்கார்ந்துவிடும் நாய்க்கு வெயில், பாதம், மூட்டு, எடை என்ற வரிசையில் பாருங்கள். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு நொடி வைத்திருக்க முடியாவிட்டால் அங்கே நாயின் பாதமும் தாங்காது. கத்திரி வெயில் காலத்தில் சூரியன் மறைந்து நெடுநேரம் கழித்தும் சாலை சுடும் என்பதால், மாலை நடையைவிட விடியற்காலை நடையே நல்லது. அடுத்து நகம். நாய் நேராக நிற்கும்போது நகம் தரையைத் தொட்டால், டைல்ஸில் நடக்கும்போது டக் டக் என்று ஓசை கேட்டால், அது நீளம். நீண்ட நகம் ஒவ்வோர் அடியிலும் விரலைப் பின்னுக்குத் தள்ளுவதால் நாய் எடையைக் குதிகால் பக்கம் மாற்றி நடக்கப் பழகுகிறது. நாளடைவில் அது மூட்டுகளைப் பாதிக்கிறது. முன்னங்காலின் உட்பக்கத்தில் தரையைத் தொடாமல் இருக்கும் தனி நகம் தேயாமல் சுருண்டு சதைக்குள் இறங்கியிருக்கவும் கூடும். கறுப்பு நகத்தில் உள்ளே ஓடும் இரத்தக்குழாய் தெரியாது என்பதால், வாரம் ஒருமுறை சிறிது சிறிதாக வெட்டுவதே பாதுகாப்பு.

பளபளக்கும் டைல்ஸ் தரையை நான் தனிக் குற்றவாளியாகவே கருதுகிறேன். இடுப்பு மூட்டுக் குறைபாடு உள்ள லேப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ வழுக்கும் தரையில் எழும்போது பின்னங்கால்கள் இரு பக்கமும் விலகிப்போகின்றன. சில முறை அப்படி நேர்ந்ததும் கூடத்தைக் கடக்கவே அது தயங்குகிறது, கூப்பிட்டால் வாசலில் நின்று வாலை மட்டும் ஆட்டுகிறது. நாய் வழக்கமாக நடக்கும் தடத்தில் ரப்பர் விரிப்போ, நகராத கோரைப்பாயோ, அடியில் பிடிப்புள்ள மிதியடிகளோ போட்டுப் பாருங்கள். உடனே தயக்கம் குறைந்தால் பாதிக் காரணம் தெரிந்துவிட்டது. மீதிக் காரணம் மூட்டில் இருக்கிறது, அதற்கு எக்ஸ்ரே தேவைப்படலாம். குதித்து ஏறிய காரில் இப்போது முன்னங்கால்களை மட்டும் வைத்துக் காத்திருப்பது, இரு பின்னங்கால்களையும் சேர்த்து முயலைப் போலத் தாவி ஓடுவது, உட்காரும்போது ஒரு காலை வெளியே நீட்டிக்கொள்வது ஆகியவையும் மூட்டைக் காட்டிக்கொடுக்கும். “வயதாகிவிட்டது” என்பது நோயின் பெயரன்று. மூட்டு வாதத்துக்கு மருந்து உண்டு.

மருந்தை மருத்துவரே தர வேண்டும். வீட்டு அலமாரியிலுள்ள பாரசிட்டமால், ஐபுப்ரோபென், டைக்ளோபினாக் ஆகியவை நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாழாக்கக் கூடியவை.

எடையே பெரிய காரணம் என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். நீட்டிய கையின் புறங்கை எலும்புகளைத் தடவுவதுபோல் விலா தட்டுப்பட்டால் எடை சரி; உள்ளங்கைச் சதையை அழுத்தித் தேடுவதுபோல் இருந்தால் நாய் பருமனாகிவிட்டது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு குறுகித் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை 24 இணைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக வாழ்நாள் முழுதும் உணவளித்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது: ஒல்லியாக வளர்ந்தவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, அவற்றுக்கு மூட்டு வாதச் சிகிச்சையும் தள்ளியே தேவைப்பட்டது. லேப்ரடார் எப்போதும் பசியோடு பார்ப்பது ஏன் என்பதற்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டபடி, அந்த இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் ஒரு பகுதி இல்லை. ஆகவே அதன் கெஞ்சலை வயிறு காலி என்பதன் அளவாகக் கொள்ள முடியாது. தயிர்சாதத்தின் அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துக் கொடுங்கள். தேநீர் வேளையில் ஆளுக்கொன்றாக நீட்டும் பிஸ்கட்டுகளையும் கணக்கில் சேருங்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 விழுக்காடு குறைந்தால் போதும்.

குறைத்துச் சாப்பிட்டும் எடை ஏறுகிறது, நாய் மந்தமாகிவிட்டது, வாலிலும் விலாப்பக்கங்களிலும் முடி கொட்டுகிறது என்றால் தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

ஓயாமல் குரைக்கிறது, பொருள்களைக் குதறுகிறது

வலியும் அரிப்பும் இல்லை என்று தெரிந்த இளம் நாயானால், அடுத்த கேள்வி அது ஓடுகிறதா என்பது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்த வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள். ராஜபாளையம் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்டது. இவற்றை அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் கட்டிவைத்துவிட்டு, காலைக்கடனுக்காக மட்டும் கீழே இறக்கி ஏற்றினால், மிஞ்சிய ஆற்றல் செருப்பிலும் சோபாவிலும்தான் இறங்கும். நாட்டு நாய் வளர்ப்பதைப் பெருமையாகக் கருதும் போக்கு இப்போது கூடியிருக்கிறது, மகிழ்ச்சியே. ஓட இடம் இல்லாதவர் அந்தப் பெருமையை ஒத்திப்போடலாம்.

ஆனால் ஓட்டத்தைக் கூட்டுவது மட்டுமே தீர்வு என்று நினைத்து, பந்தை எறிந்து எறிந்து நாயைக் களைப்பாக்குவது பல வீடுகளில் நிலைமையை மோசமாக்குகிறது. திடீரென்று பாய்ந்து, திடீரென்று நின்று, திரும்புவது தோள்பட்டைக்கும் முழங்காலுக்கும் பெரும் சுமை. அதோடு நாய் வீடு திரும்பிய பிறகும் பரபரப்பு அடங்காமல் இருக்கும். மார்புப்பட்டையும் நீண்ட கயிறும் மாட்டி, நாய் விரும்பிய இடத்தில் நின்று முகர அனுமதிக்கும் மெதுவான நடை அதைக் கூடுதலாக அமைதிப்படுத்துகிறது. வாரநாள்களில் அறைக்குள் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடற்கரையில் மணிக்கணக்கில் ஓடுவது தசைப் பிடிப்புக்கும் தசைநார்க் கிழிசலுக்கும் வழி. பெரிய இனக் குட்டிகளின் எலும்பு முனைகள் முழுமையாக முற்ற ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓடவிடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பக் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கு மூச்சுப் பாதையே இடுக்கமானது என்பதால், வெப்பமும் ஓட்டமும் சேர்ந்தால் ஆபத்து.

சொறிகிறது, பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது

அரிப்புள்ள நாய் சரியாகத் தூங்குவதில்லை. தூக்கம் கெட்ட நாய் எதற்கும் எரிந்து விழுகிறது. உண்ணியைக் காதின் உட்புறம், விரலிடுக்கு, அக்குள், வாலின் அடி, கழுத்துப்பட்டைக்குக் கீழ் ஆகிய இடங்களில் தேடுங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவதும் ஊதுவத்தியால் சுடுவதும் நாயைத்தான் துன்புறுத்தும். நாயின் மேல் இருக்கும் உண்ணிகளைவிடச் சுவர் விரிசலிலும் படுக்கையடியிலும் இருப்பவை மிகுதி, ஒரு பெண் உண்ணியே ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால், மருத்துவர் தரும் மாத்திரையோடு வீட்டையும் கவனிக்க வேண்டும். வலிப்பு வந்த நாயானால் மாத்திரை எழுதும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

உண்ணி கண்ட சில வாரங்களில் நாய் சோர்ந்து, தீனியை முகர்ந்துவிட்டு விலகி, காய்ச்சலோடு கிடந்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் இரத்தம் கசிந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நாயின் இயல்பு வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் என்பதால், நெற்றியைத் தொட்டுச் சூடாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. வெப்பமானியை ஆசனவாயில் வைத்தே பார்க்க வேண்டும்.

நான்கு பாதங்களையும் நக்குவது பெரும்பாலும் ஒவ்வாமை. முன்னங்காலின் ஒரே இடத்தை முடி உதிர்ந்து புண்ணாகும்வரை நக்கினால், சலிப்பு என்று முடிவு செய்யுமுன் அதற்கு அடியிலுள்ள மூட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். பின்புறத்தைத் தரையில் தேய்ப்பது பொதுவாகப் பூச்சியைவிட ஆசனவாய்ச் சுரப்பி அடைப்பால் வருவது.

இரவில் தூங்காமல் அலைகிறது

படுக்கையிலிருந்து தொடங்குங்கள். கெட்டித் தரையில் படுக்கும் கனத்த நாயின் முழங்கைகளில் முடி போய்த் தோல் காய்த்திருந்தால், அது படுக்கை போதாது என்பதன் சான்று. மூட்டு வலியுள்ள நாய்க்கு, உடல் தரையை எட்டாத அளவுக்குத் தடித்த மெத்தை வேண்டும். ஆனால் கோடையில் அதே நாய் மெத்தையை விட்டுக் குளியலறைத் தரையில் போய்ப் படுத்தால் அதற்கு வெப்பம்தான் சிக்கல். காற்றோட்டமான இடத்தில் கயிற்றுக் கட்டில் போன்ற உயர்ந்த படுக்கை இரண்டுக்கும் பொருந்தும். ஏ.சி. அறையில் இரவெல்லாம் குளிர்ந்து விறைத்த மூட்டோடு காலையில் எழ முடியாமல் தவிக்கும் கிழநாய்களும் உண்டு.

ஆழ்ந்து தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள். 30-ஐத் தொடர்ந்து தாண்டினால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்க வேண்டும். முதிய நாய் மூலையில் போய் நின்று சுவரைப் பார்ப்பது, பழகிய கதவின் கீல் பக்கம் காத்திருப்பது, பகலிரவு மாறித் தூங்குவது ஆகியவை மூளை முதுமையால் வரலாம். எனினும் வலி, பார்வைக் குறைவு, அடிக்கடி சிறுநீர் வருதல் ஆகியவற்றை விலக்கிய பின்பே அந்த முடிவுக்கு வர வேண்டும். தரையோரம் ஓர் இரவு விளக்கு எரிவது எந்தக் காரணமானாலும் உதவும்.

வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது

பழக்கப்பட்ட நாய் இப்படிச் செய்தால், பழிவாங்குகிறது என்று எண்ணாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். தண்ணீர் குடிப்பதும் கூடியிருந்தால் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். படுத்த இடத்தில் தானாகக் கசிந்திருந்தால் அது அறியாமல் நேர்வது. படி இறங்க வலிப்பதால் வாசலிலேயே இருந்துவிடும் நாயும் உண்டு. அதற்கு மேலே சொன்ன மூட்டுப் பகுதியே விடை.

பட்டாசுக்கும் இடிக்கும் புதிதாக அஞ்சுகிறது

குட்டியிலிருந்தே அஞ்சும் நாய் வேறு. ஐந்தாறு தீபாவளிகளைக் கவலையின்றிக் கடந்த நாய் திடீரென்று குக்கர் விசிலுக்கே கட்டிலடியில் ஒளிவது வேறு. சத்தத்துக்கு அஞ்சும் 20 நாய்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், தசை அல்லது மூட்டு வலி உள்ளவற்றுக்கு அச்சம் தொடங்கிய வயது மற்றவற்றைவிடச் சராசரியாக ஏறத்தாழ நான்கு ஆண்டு பிந்தியிருந்தது. சத்தம் கேட்டுத் திடுக்கிடும்போது உடல் இறுகுகிறது, இறுகும்போது வலிக்கிறது, சத்தமே வலியைத் தந்ததாக நாய் கற்றுக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நடுவயதில் தொடங்கிய அச்சத்துக்கு அமைதி மாத்திரையோடு மட்டும் நின்றுவிட வேண்டாம். மூட்டையும் முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கூப்பிட்டால் திரும்புவதில்லை

நாய் பார்க்காதபோது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். தரை அதிராமலும் காற்றுப் படாமலும் செய்ய வேண்டும். வெண்ணிற ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுகிறது. அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷியன்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஒரு காதிலோ இரு காதுகளிலுமோ கேளாதவை. ஒரு காது மட்டும் கேளாத நாய், ஓசை வரும் திசை தெரியாமல் தவறான பக்கம் திரும்பும். அதைக் கீழ்ப்படியாமை என்று எண்ணுவார்கள். காது கேளாத நாயைத் தூக்கத்தில் தொட்டு எழுப்பாமல், அதன் மூக்கருகில் கையைக் காட்டி எழுப்புங்கள்.

எல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடாவிட்டால்

சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒரே வளாகத்தில் பல துறையினரையும் பார்க்க முடியும். எக்ஸ்ரேயும் இரத்தமும் சரியாக இருந்தும் சந்தேகம் தீராதபோது, நாய்க்கு உரிய வலிநீக்கி மருந்தைச் சில வாரங்களுக்குக் கொடுத்து, நடத்தை மாறுகிறதா என்று பார்க்கும் சோதனையை மருத்துவரிடம் கேட்கலாம். அந்த வாரங்களில் எத்தனை முறை உறுமியது, எத்தனை படி ஏறியது, இரவில் எத்தனை முறை எழுந்தது என்று நாள்தோறும் குறித்து வையுங்கள். நினைவை நம்பினால் நல்ல நாள்களும் கெட்ட நாள்களும் கலந்துவிடும். மருந்து நிறுத்தியதும் பழைய குணம் திரும்பினால் வலி இருந்தது உறுதியாகிறது.

வலி தீர்ந்த பிறகும் சில நாள் நாய் விலகியே நிற்கும், ஏனென்றால் தொடும் கைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பை அது ஏற்கெனவே கற்றுவிட்டது. பயிற்சியாளரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. வலித்த இடத்துக்குத் தொலைவிலிருந்து தொட்டு, ஒவ்வொரு தொடுதலுக்கும் விருப்பமான தீனி கொடுத்து, அது விலகினால் விட்டுவிட்டு நெருங்குபவரைத் தேர்ந்தெடுங்கள். கழுத்தை இறுக்கும் சங்கிலியோடு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.